கரும்புள்ளி மறைந்த இடத்தில்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு என்று நடத்தி முடித்துவிடுகிறோம். கண்ணாடியால் சரிசெய்ய முடியாத ஒரு நோயையும் அதே வகுப்பில் பேச வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது ஓர் எளிய செயல்பாடு.

ஒரு வெள்ளைத் தாளின் இடப்பக்கம் கூட்டல் குறி. அதற்கு 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். சுமார் 30 செ.மீ. தொலைவில் கரும்புள்ளி மறையும். பார்வை நரம்பு விழியைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்கள் இல்லை. அதுவே குருட்டுப் புள்ளி.

"புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது?" என்று கேட்டேன். "வெள்ளைத் தாள்தான் சார்" என்றார்கள். தெரியாத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "எங்கப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுறாரு சார். போர்டு எழுத்தெல்லாம் நல்லா படிப்பாரு. ஆனா பக்கத்துல வர்ற பைக் தெரியலைன்னு சொல்றாரு."

அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பினோம். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். இரு கண்களிலும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. இழந்த பார்வை திரும்பாது. மிஞ்சியதைக் காக்கத் தினமும் சொட்டு மருந்து. அவர் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார்.

நரம்பைப் படமெடுத்தல்

பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. கண்ணுக்குள் பார்த்தால் நரம்பின் முனை ஒரு வட்டத் தட்டுப்போலவும், அதன் நடுவே சிறு குழியுடனும் தெரியும். இழைகள் அழிய அழியக் குழி அகலும். விழித்திரைக் கேமராவில் எடுத்த படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டால் இம்மாற்றம் புலப்படும். 1991இல் அறிமுகமான ஓ.சி.டி. ஸ்கேன் இன்னும் நுட்பமானது. ஒளியைச் செலுத்தி, எதிரொளித்து வருவதைக் கொண்டு நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை.

அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாதா? இயல்பான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. கணிசமான இழைகள் அழிந்த பின்னரே பக்கப்பார்வைக் குறை சோதனையில் தெரிவதும் உண்டு. எனவே நரம்பையே பார்ப்பது இன்றியமையாதது.

நம் ஊரின் கணக்கு

சங்கர நேத்ராலயா மேற்கொண்ட சென்னை கிளாக்கோமா ஆய்வின் நகர்ப்புற முடிவுகள் 2008இல் வெளிவந்தன. 40 வயதைக் கடந்தவர்களில் 3.51 விழுக்காட்டினருக்கு, இந்நோயின் பரவலான வகையான திறந்தகோண கிளாக்கோமா இருந்தது. அவர்களுள் 94 விழுக்காட்டினர் அதை அறியாமலே இருந்தனர்.

எண்ணூர், மணலி பகுதிப் புகையிலும் புழுதியிலும் கண் எரிந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவது நம் பகுதியில் வழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்து, நீண்டநாள் போட்டால் கண் அழுத்தம் உயரக்கூடும். இதையும் மாணவர்கள் வழியே வீடுகளுக்குச் சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியது

செயல்பாடு முடிந்ததும் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: வீட்டில் 40 வயதைக் கடந்தவர் யார்? உறவில் எவருக்கேனும் கண் அழுத்த நோய் உண்டா? பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ராயபுரத்திலிருந்து எட்டும் தொலைவில், 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

ஆசிரியர்களாகிய நம்மில் பலரும் நாற்பதைக் கடந்தவர்களே. வெள்ளெழுத்து வந்ததும் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டுவதோடு நின்றுவிடுகிறோம். அடுத்தமுறை மருத்துவரிடம் சென்று, "பார்வை நரம்பையும் பாருங்கள்" என்று கேட்போம். அந்த மாணவியின் தந்தைக்கு இதைச் சொல்ல யாரும் இல்லாமல் போயிற்று.