புதுச் சாக்கெட்டும் பழைய கம்பியும்

மின்சாரம் நம் இல்லங்களுட் புகுந்த தொடக்கத்தில் அது செய்த ஏவல் பெரும்பாலும் விளக்கெரித்தலும் விசிறி சுழற்றுதலுமேயாம். இந்நாளிலோ நீரைச் சுடவைத்தற்கும், ஆடையைத் தேய்த்தற்கும், மாவரைத்தற்கும், உண்பொருளைக் குளிர்வித்துக் காத்தற்கும் அதனையே வேண்டி நிற்கின்றோம். கருவிகள் பெருகுதலின் பழைய வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டுகள் போதாவாயின. போதாதவிடத்துப் புதியதொன்று கூட்டுதல் இயல்பே. ஆயின், ‘சுவரில் இடம் உளதோ?’ என்று வினவுவார் பலர். ‘சுவரினுள் ஓடும் கம்பிக்கு வலி உளதோ?’ என்று வினவுவார் சிலரே. பின்னைய வினாவே முதற்கண் எழற்பாலது என்பதை யாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வீட்டிற்கு வரும் மின்சாரம் மெயின் சுவிட்சைக் கடந்தபின் பல கிளைகளாகப் பிரிகின்றது. கிளையொன்றற்குச் சர்க்கியூட்டு என்பது பெயர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பியூசேனும், பளு மிக்கால் தானே விழும் எம்.சி.பி. என்னும் சுவிட்சேனும் காவலாய் நிற்கும். ஒரு கிளையிற் பல சாக்கெட்டுகளைக் கூட்டினும் ஒவ்வொன்றும் 230 வோல்ட்டு அழுத்தத்தையே பெறும். அது பங்கிடப்பட்டுக் குறைவதில்லை. இது கண்டே, எத்துணையும் கூட்டலாமெனப் பலர் மயங்குவர். அழுத்தம் பங்கிடப்படாதாயினும் ஓட்டம் கூடிக்கொண்டே போம். கருவிகள் யாவும் இழுக்கும் மின்னோட்டம் ஒருங்கு திரண்டு, கிளையின் தலையிலுள்ள ஒரே கம்பியின் வழியே வரல் வேண்டும்.

மின்னோட்டம் செல்லுங் கம்பி சூடேறும். அச்சூடு ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும் என்னும் உண்மையை ஆங்கில அறிஞர் ஜூல் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓட்டம் இருமடங்காயின் சூடு நான்மடங்காகும். மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும். சுவரிற் புதைந்த குழாயினுள் அச்சூடு வெளியேற வழியின்றித் தங்கி, கம்பியின் மேலுறையை நாளடைவிற் கெடுக்கும். உறை கெட்ட கம்பிகள் ஒன்றையொன்று தீண்டின் தீப்பொறி எழும். வீடு பற்றியெரிதற்கு அஃதொன்றே போதும்.

இனி ஒரு கணக்கினை நோக்குவோம். கருவியின்மேற் குறித்துள்ள வாட்டினை 230-ஆல் வகுப்பின் அஃது இழுக்கும் ஆம்பியர் ஏறக்குறையக் கிடைக்கும். 1,000 வாட்டு இஸ்திரிப்பெட்டி 4.3 ஆம்பியரும், 2,000 வாட்டு கெய்சர் 8.7 ஆம்பியரும் இழுக்கும். விளக்கும் விசிறியும் உள்ள சர்க்கியூட்டில் 10 முனைகளுக்கு மேலாதல், 800 வாட்டிற்கு மேலாதல் ஏற்றலாகாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்ட ஒழுங்கு. அத்தகைய கிளையொன்றில் 75 வாட்டு விசிறி மூன்றும், 20 வாட்டு விளக்கு நான்கும், 100 வாட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றும் உளவென்க. முனைகள் எட்டு, பளு 405 வாட்டு. எஞ்சியன இரண்டு முனைகளும் 395 வாட்டுமே. ஆதலின் மேசை விளக்கிற்கும் கைப்பேசிக்கும் பயன்படுமாறு 6 ஆம்பியர் சாக்கெட்டொன்று அங்குக் கூட்டுதல் தகும். இஸ்திரிப்பெட்டிக்கெனக் கூட்டுதல் தகாது. கெய்சர் போன்ற பெரும்பளுவுடையவற்றிற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டு வேண்டும், அதற்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி மெயின் போர்டிலிருந்தே தனியாக வரல் வேண்டும். விளக்கிற்கென இட்ட மெல்லிய கம்பியின் நுனியில் அதனைப் பொருத்துதல் இளங்கன்றைப் பாரவண்டியிற் பூட்டுதலை ஒக்கும்.

பியூசு அடிக்கடி எரிகின்றதெனச் சிலர் பருத்த கம்பியை இட்டு அமைவர். இது பெரும்பிழை. பியூசு அமைந்தது முதன்மையாகச் சுவரிலுள்ள கம்பியைக் காத்தற்பொருட்டே. அஃது எரிதல், பளு மிக்கதென்று நமக்கு அறிவித்தலாம். அவ்வறிவிப்பைத் தடுப்பின், சுவரினுள் மறைந்த கம்பியே பியூசாகிவிடும். பீங்கான் கூட்டினுள் எரிந்தொழிய வேண்டியது கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் எரியும்.

அடுத்து எண்ணற்பாலது எர்த்துக் கம்பி. பழைய வீடுகள் சிலவற்றில் இரண்டு கம்பிகளே ஓடுகின்றன. அங்கு மூன்று துளைச் சாக்கெட்டைப் பொருத்தி, எர்த்துத் துளையை வெறிதே விடுதல் காண்பாரை வஞ்சித்தலாகும். உலோகக் கருவியின் உடலைப் பேஸ் கம்பி தீண்டுமாயின், எர்த்தின் வழியே பேரோட்டம் பாய்ந்து பியூசை எரித்து மின்சாரத்தை அறுக்கும். எர்த்து இல்லையேல் தொட்டவர் உடலே வழியாகும். துணி துவைக்கும் இயந்திரத்தை ஈரக்கையால் தொடுவார் நம் தாயரும் தங்கையருமல்லரோ? இனி, எர்த்துத் துளையைச் சாக்கெட்டினுள்ளேயே நியூட்ரலோடு பிணைத்துவிடுவாரும் உளர். அந்நியூட்ரல் எங்கேனும் அறுமாயின் கருவியின் உடல் முழுதும் மின்னேறும். ஆதலின் அது கொடிது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி. எர்த்திற்கு நற்றுணையாம், அதற்கு மாற்றாகாது.

விளக்கு, பியூசு முதலியவற்றை மாற்றுதல் போலன்றிப் புதிய முனை கூட்டும் வேலையை நம் நாட்டு மின்சார விதிகள் உரிமம் பெற்றாரிடமே விடுகின்றன. எனினும் செய்விப்பார் அறிய வேண்டுவன சில உள. மெயினை அணைத்த பின்னரும் டெஸ்டர் ஒளிராமையொன்றையே நம்பலாகாது. மின்சாரமுள்ள இடத்தில் அது செவ்வனே ஒளிர்தலை முன்னர்த் தேர்ந்துகொள்ளல் வேண்டும். இணைப்புகள் சுவரிற் புதையாது பெட்டிக்குள் அமைக, திருகுகள் இறுகுக, தளர்ந்த இணைப்பும் சூடேறும். சுவிட்சு பேஸ் கம்பியிலேயே நிற்றல் வேண்டும். எர்த்துத் துளை மேலாக எதிர்நின்று நோக்குங்கால், வலத்துளை பேஸுக்கும் இடத்துளை நியூட்ரலுக்கும் உரியன.

திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். வேந்தர்க்கு வேண்டுமென்ற அவ்வறிவு இல்லறத்தார்க்கும் வேண்டுவதேயாம். ஆதலின், மின்கம்பியாளர் நம் வாயிலில் வந்து, ‘சாக்கெட்டை எங்கே வைப்பது?’ என்று கேட்குமுன், ‘இக்கிளை இன்னும் எத்துணைப் பளு தாங்கும்? எர்த்து உளதோ?’ என்று நாம் அவரை வினவுவோமாக.