நீரில் நின்று தாகத்தால் வாடும் செடி

தொட்டியில் வளரும் ஓர் ஆர்க்கிட் செடியின் இலைகள் துவண்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தண்டிலும் சுருக்கம் விழுந்திருக்கிறது. ‘பாவம், தண்ணீர் போதவில்லை’ என்றுதான் எவருக்கும் தோன்றும். உடனே ஒரு செம்பு நீர் ஊற்றுவோம். மறுநாளும் துவண்டிருந்தால் இரண்டு செம்பு ஊற்றுவோம். சில வாரங்களில் செடி இறந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேர்கள் பழுப்பேறிக் கூழாகி நாற்றம் அடிக்கும். தாகத்தால் வாடுகிறது என்று நாம் எண்ணிய செடியின் வேர்கள், நீருக்குள் மூச்சு முட்டி இறந்திருக்கின்றன!

நீர் இருந்தும் செடி ஏன் வாடியது? இதற்கு விடை பாதி தாவரவியல் நூலிலும் மீதிப் பாதி உங்கள் இயற்பியல் நூலிலும் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், வேர் அழுகிய ஆர்க்கிட்டைப் பல சமயங்களில் பிழைக்க வைக்கவும் முடியும்.

மரத்தில் வாழும் வேர்

செடிப் பண்ணைகளில் விற்கும் டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் போன்ற ஆர்க்கிட்டுகளின் மூதாதையர் பெரும்பாலும் மண்ணில் வளர்ந்தவை அல்ல. காட்டு மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தவை. இவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பர். புல்லுருவியைப் போன்ற ஒட்டுண்ணிகள் என்று இவற்றை எண்ணிவிடாதீர்கள். இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இருக்க இடம் மட்டுமே கேட்கின்றன.

மரக்கிளையில் மழை பெய்யும்போது மட்டுமே நீர் கிடைக்கும். மழை நின்றதும் காற்று வீசி எல்லாவற்றையும் உலர்த்திவிடும். இந்த வாழ்க்கைக்கு ஏற்ப, ஆர்க்கிட் வேரின் மேல் வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை அமைந்திருக்கிறது. இது இறந்த செல்களால் ஆனது. மழைத்துளி பட்டதும் நீரை விரைவாக உறிஞ்சி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் உயிருள்ள வேருக்கு மெல்லக் கொடுக்கிறது.

உலர்ந்த ஆர்க்கிட் வேர் வெள்ளி போல் வெண்மையாக இருக்கும். நீர் தெளித்தால் சற்று நேரத்தில் பச்சையாகிவிடும். இது ஏன் தெரியுமா? உலர்ந்த வெலாமன் செல்களில் காற்று நிறைந்திருக்கிறது. ஒளி அங்கே பல திசைகளிலும் சிதறுவதால் வெண்மையாகத் தெரிகிறது. நீர் நிறைந்ததும் சிதறல் குறைந்து, உள்ளே உள்ள பச்சையம் வெளியே தெரிகிறது. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவுவது போலத்தான் இதுவும். ஆகவே வேரின் நிறத்தைப் பார்த்தே அதற்கு நீர் வேண்டுமா, வேண்டாமா என்று கூறிவிடலாம்.

வேரும் மூச்சு விடுகிறது

இலையைப் போலவே வேரும் சுவாசிக்கிறது. நீரையும் உப்புகளையும் உள்ளே எடுக்க வேர்ச் செல்களுக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைப் பெற ஆக்சிஜன் வேண்டும்.

30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. இது போதாதென்று இன்னொரு தடையும் உண்டு. மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குத் தாமாகப் பரவுவதை விரவல் என்கிறோம். நீருக்குள் ஆக்சிஜனின் விரவல், காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வேரைச் சுற்றியுள்ள நீரில் இருக்கும் சிறிதளவு ஆக்சிஜனை வேர் செலவழித்துவிட்டால், புதிய ஆக்சிஜன் எளிதில் வந்து சேராது.

திருச்சியின் கோடையில் நிலைமை இன்னும் கடினமாகிறது. வெப்பநிலை உயர உயர நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. ஆனால் வேரின் சுவாசமோ, பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வரவு குறையும்போது செலவு கூடுகிறது!

ஆக்சிஜன் கிடைக்காத வேர் நீரை எடுக்கும் திறனை இழக்கிறது. இலையிலிருந்து நீராவிப்போக்கு மட்டும் நிற்பதில்லை. எனவே வேர் நீரில் மூழ்கியிருந்தும் இலை துவள்கிறது. வலுவிழந்த வேரைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அழுகச் செய்துவிடுகின்றன.

காவிரிக் கரை வயலில் நெல் மட்டும் தேங்கிய நீரில் எப்படி வாழ்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. இலை வழியாக வரும் காற்று அவற்றின் மூலம் வேருக்கு இறங்குகிறது. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை.

தொட்டிக்குள் நிற்கும் நீர்

‘தொட்டியின் அடியில்தான் துளை இருக்கிறதே! மிகுதி நீர் வடிந்துவிடாதா?’ என்று தோன்றும். முழுவதும் வடியாது. நுண்புழை ஏற்றம் அதைத் தடுக்கிறது.

மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் அதனுள் ஏறி நிற்கும். நீரின் பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம். குழாயின் ஆரத்தையும் நீர் ஏறும் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து பெருக்கினால் ஏறத்தாழ 15 கிடைக்கும். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் உயரம் 15 மில்லிமீட்டர். ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் உயரம் 150 மில்லிமீட்டர், அதாவது 15 சென்டிமீட்டர்.

தொட்டியில் உள்ள மண்துகள்களின் இடைவெளிகளையும் இத்தகைய குழாய்களாகக் கருதலாம். கணக்கு துல்லியமாக இராது. ஆனால் நிலைமை விளங்கும். மண்ணின் இடைவெளி 0.1 மில்லிமீட்டர் ஆரம் உடையதானால், 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி நீர் வடிந்த பின்னும் அடி முதல் மேல் வரை நீரால் நிறைந்தே இருக்கும். அங்கே காற்றுக்கு இடமில்லை. பெரிய கரித்துண்டுகளை நிரப்பி, இடைவெளி 3 மில்லிமீட்டர் ஆரம் ஆனால், அடியில் 5 மில்லிமீட்டர் மட்டுமே நீர் தங்கும். மற்ற இடமெல்லாம் காற்று!

இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவப் பஞ்சு ஒன்றை நீரில் முழுவதும் நனையுங்கள். அதைப் படுக்கை வசமாகப் பிடித்து, நீர் சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு பிழியாமல் செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும்! பஞ்சின் துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைதான் நீரைத் தாங்கும். செங்குத்தாக நிறுத்தும்போது அந்த உயரத்துக்கு மேலே உள்ள நீர் வடிந்துவிடுகிறது.

மண்ணுக்கு அடியில் சரளைக்கல் போட்டால் பயன் உண்டா? இல்லை. நுண்ணிய இடைவெளியில் நிற்கும் நீர், பெரிய இடைவெளிக்குத் தானாக இறங்காது. நீர் நிறைந்த அடுக்கு சரளைக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் அருகே வந்துவிடும். மாற்ற வேண்டியது தொட்டி முழுவதிலும் உள்ள நிரப்பு பொருளையே.

சாட்ஸ்வொர்த் தந்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மடிந்தன. அங்குள்ள தோட்டக்காரர்கள் அவற்றைக் காற்றோட்டமற்ற, புழுங்கும் கண்ணாடி வீடுகளில் அடைத்து வைத்ததே முக்கியக் காரணம். டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் இம்முறையை மாற்றினார். 1835-இல் அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஜான் கிப்சன், இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைப் பகுதியில் ஏராளமான ஆர்க்கிட்டுகளைத் திரட்டி, 1837-இல் திரும்பினார். பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டில் காற்று உலவச் செய்தார், வெப்பத்தைக் குறைத்தார், தரையை நனைத்துக் காற்றை ஈரமாக வைத்தார், தொட்டியில் நீர் தங்காமல் வடியவிட்டார். செடிகள் பிழைத்தன. காற்றில் ஈரம், வேரில் காற்று: அவருடைய முறையின் சாரம் இதுவே.

கீரைக்கட்டைப் பாருங்கள்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கீரை விற்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கட்டுகளை நிழலில் அடுக்கி, நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி வைக்கிறார். பறித்த கீரையால் இனி மண்ணிலிருந்து நீர் எடுக்க முடியாது. ஆகவே இருக்கும் நீர் போகாமல் காப்பதே அவர் செய்வது.

வேர் அழுகிய ஆர்க்கிட்டும் ஏறத்தாழ ஒரு கீரைக்கட்டுதான். தொட்டியில் ஊற்றும் நீர் அதற்குப் பயன்படாது. நீராவிப்போக்கைக் குறைத்து, புதிய வேர் விடும் வரை செடியைக் காப்பாற்ற வேண்டும். டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டில் நீரும் உணவும் சேமிப்பில் இருப்பதால், அதற்குச் சில வாரங்கள் தாங்கும் சக்தி உண்டு. அவசரம் வேண்டாம்.

மாற்றி நடும் முறை

தேவையான பொருள்கள் அதே மார்க்கெட்டிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் கிடைப்பவைதாம்: பக்கவாட்டில் துளையுள்ள மண்தொட்டி, மரக்கரி, தேங்காய் மட்டை, உடைந்த ஓட்டுச் சில்லு. மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். அதில் உள்ள உப்பு நீங்கிவிடும். கரியும் சில்லும் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள். தூள் இருந்தால் இடைவெளிகள் அடைபடும்.

செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து, பழைய நிரப்பு முழுவதையும் கழுவி நீக்குங்கள். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். கூழாக நசுங்குவதும், மேலுறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சுவதும் இறந்த வேர்கள். கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவைத்து, இறந்தவற்றை வெட்டி எறியுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு வாய் உலர, செடியை ஒரு நாள் நிழலில் வையுங்கள்.

பின்பு செடியைத் தொட்டியில் நிறுத்தி, கரி, மட்டை, சில்லு கலந்த நிரப்பை இட்டு, ஒரு குச்சியில் ஆடாமல் கட்டுங்கள். செடி ஆடினால் புதிய வேரின் மென்மையான நுனி உராய்ந்து கெட்டுவிடும். தண்டின் அடிப்பகுதியைப் புதைக்காதீர்கள்.

தொட்டியை நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கீழே ஈர மணல் தட்டு ஒன்றை வைத்து, தொட்டி மணலைத் தொடாதபடி கற்களின் மேல் நிறுத்துங்கள். முதல் வாரம் நீர் ஊற்ற வேண்டாம். காலையில் இலைகளின் மேல் மென்மையாகத் தெளித்தால் போதும். புதிய வேர் எழும் வரை உரம் கூடாது. உரத்தின் உப்பு, மிச்சமிருக்கும் வேரிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தண்டின் அடியில் பச்சை நுனியுடன் வேர் ஒன்று எட்டிப் பார்த்தால், செடி பிழைத்துக்கொண்டது என்று பொருள். குருத்தும் தண்டும் முழுவதும் அழுகியிருந்தால் மட்டும் எந்த முயற்சியும் பலிக்காது.

மட்டை நாளடைவில் மக்கித் தூளாகும். இடைவெளிகள் சிறுத்து, நீர் மீண்டும் தங்கத் தொடங்கும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது நிரப்பை மாற்றுவது நல்லது.

செடி வேண்டும் என்று கொல்லி மலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்க் காட்டு ஆர்க்கிட்டுகளைப் பறித்து வராதீர்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே கண்ணால் கண்டு மகிழுங்கள்.

நீர் எப்போது ஊற்றுவது?

புதிய வேர்கள் வந்த பிறகு இந்த முடிவைத் தராசிடம் விட்டுவிடலாம். தொட்டியை நன்கு நனைத்து, நீர் வடிந்ததும் எடை பாருங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து, நாளை கிடை அச்சிலும் எடையை நிலை அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். கோடு முதலில் சரிவாக இறங்கி, பின் படிப்படியாகத் தட்டையாகும். தட்டையாகத் தொடங்கும் நாளே அடுத்த நீருக்கு உரிய நாள். ஐப்பசி மழையில் ஒரு வரைபடமும் சித்திரை வெயிலில் ஒரு வரைபடமும் வரைந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ‘வாரத்துக்கு இத்தனை முறை நீர் ஊற்று’ என்ற விதி எந்தச் செடிக்கும் ஏன் பொருந்தாது என்பதை அவ்விரு கோடுகளே உங்களுக்குச் சொல்லும்.