பொறியியலா, அறிவியலா? எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு ஒரு பாடம்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கம்போங் ராஜா பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இதுதான்: "என்ஜினியருக்குப் படி, நல்ல சம்பளம். சயன்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதான்." பெற்றோர் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், அந்த ஒரு வரியை நம்பி நான்கு வருடப் படிப்பையும் கல்விக் கடனையும் முடிவு செய்துவிட முடியாது. இரண்டு படிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் பார்ப்போம்.

தேயிலை ஆலையில்

பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாற வைத்து, பிறகு காய வைக்கிறார்கள். பச்சை இலை ஏன் செம்பு நிறமாகிறது? உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. அதிலுள்ள ஒரு நொதி, இலையின் பாலிபீனால்களை ஆக்சிஜனோடு வினைபுரிய வைக்கிறது. இதை ஆராய்ந்து அளப்பது வேதியியல் படித்தவர் வேலை. அதே இலையை நாள் முழுக்க ஒரே பதத்தில் காய வைக்க எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும், எரிபொருளை எப்படி மிச்சப்படுத்துவது? இது பொறியியல் படித்தவர் வேலை.

மலைச்சரிவில்

2024 ஜனவரியில் புளூ வேலியில் நடந்த நிலச்சரிவில் ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அடை மழை பெய்தால் சரிவைப் பார்த்துப் பயப்படுவது நமக்குப் புதிதல்ல. அங்குள்ள பாறை, மண், தண்ணீர் இறங்கும் வழி ஆகியவற்றைப் படிப்பவர் ஜியோலஜி படித்த நிலவியலாளர். தடுப்புச் சுவரையும் வடிகாலையும் கணக்குப் போட்டு வடிவமைப்பவர் சிவில் என்ஜினியர். ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை அரைகுறைதான். இதில் எது பெரிய படிப்பு, எது சின்னப் படிப்பு?

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் பொறியாளராகப் பதிவு செய்ய, அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். அதற்குப் பிறகு அனுபவமும் தேர்வும் இருந்தால்தான் நிபுணத்துவப் பொறியாளர் ஆகலாம். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பு நாடு. அதனால் இங்கே அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, "பிறகு என்ஜினியரா பதிஞ்சுக்கலாம்" என்று நினைத்தால் அது நடக்காது.

அறிவியல் பட்டதாரிகளுக்கும் பதிவு பெற்ற தொழில்கள் உண்டு. வேதியியலாளர்களுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், நிலவியலாளர்களுக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. ஆனால், ஆராய்ச்சி வேலை வேண்டுமென்றால் முதுகலை வரை படிக்க வேண்டி வரலாம். அந்தச் செலவையும் காலத்தையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: 'பொறியியல்' வேறு, 'பொறியியல் தொழில்நுட்பம்' வேறு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பதிவு பெறும் வழி வேறு. விண்ணப்பிக்கும்முன் அந்தப் படிப்பின் அங்கீகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களையே கேளுங்கள்

1. கூடுதல் கணிதத்தில் கடினமான கணக்கு வந்தால் விடாமல் உட்கார்ந்து போடுகிறீர்களா, தள்ளி வைக்கிறீர்களா? பொறியியலில் கணிதம் கடைசி வரை கூட வரும்.
2. ஆய்வுக்கூடத்தில் விடை கிடைத்ததும் திருப்தியா, அல்லது "ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்வி மனதிலேயே நிற்கிறதா?
3. வரைபடம், இயந்திரம், கட்டுமானம் பிடிக்குமா? செடி, மண், மருந்து, நுண்ணுயிர் பிடிக்குமா?
4. சம்பளமும் சொந்தக்காரர்கள் பேச்சும் இல்லையென்றால் எதை எடுப்பீர்கள்?

நான்காவது கேள்விக்கான பதிலைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பிடிக்காத பொறியியலைப் பாதியில் விட்டாலும் கடன் நிற்கும். அதைக் கட்டப்போவது தோட்டத்தில் உழைக்கும் அதே குடும்பம்தான்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் ஒரு பொறியியல் படிப்பு, மறுபக்கம் ஓர் அறிவியல் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே கேட்கும் பாடத் தகுதி, எத்தனை வருடம், மொத்தச் செலவு, முதல் வேலை என்னவாக இருக்கும் என்று எழுதுங்கள். பிறகு அந்தத் துறையில் வேலை செய்யும் ஓர் அண்ணனையோ அக்காவையோ தேடி, "ஒரு நாள் முழுக்க என்ன வேலை செய்வீங்க?" என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.