கேமுக்குள் போய் வீலைத் திருத்தாதீர்கள்

கிளவுட் கேமிங்கில் மவுஸின் ஸ்க்ரோல் வீல் தலைகீழாக வேலை செய்தால் கேமின் செட்டிங்ஸைத் தொடாதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். எனக்குக் கஸ்டமர் கேரிலிருந்து வந்த யோசனை இதற்கு நேர் எதிரானது. பொங்கல் லீவு முழுக்க அதில்தான் போனது.

உங்கள் வீட்டு நிலைமையும் ஆவடி கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டு நிலைமைதான் என்று நினைக்கிறேன். கேமுக்காக லட்ச ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. எச்.வி.எஃப். தொழிற்சாலையில் டாங்குகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் கிராபிக்ஸ் கார்டு என்று பேச்செடுத்தால், எழுந்து ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார். ஹாலில் ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த பழைய டெஸ்க்டாப். அக்கா வந்து தங்கும் நாட்களில் அவளுடைய மேக்புக். இந்த மாதிரி வீடுகளுக்காகத்தானே கிளவுட் கேமிங் வந்தது? 2025 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவில் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துப் பசங்கள் வாயில் வேறு பேச்சே இல்லை. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும். நமக்குப் படம் வரும், நம் கை அசைவு அங்கே போகும். நான் சந்தா கட்டியது எந்தச் சேவைக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

டெஸ்க்டாப்பில் வீலைக் கீழே உருட்டினால் அடுத்த துப்பாக்கி வரும். அதே மவுஸை மேக்கில் செருகினால் முந்தைய துப்பாக்கி வந்தது. ஆப்பிள் 2011இல் லயன் பதிப்போடு ஸ்க்ரோல் திசையைத் திருப்பிப் போட்டது. பக்கத்தை விரலால் தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. டச்பேடுக்கு அது சரி. ஆனால் மேக்கில் டச்பேடுக்கும் மவுஸுக்கும் திசை செட்டிங் ஒன்றுதான். ஒன்றில் மாற்றினால் இன்னொன்றிலும் மாறிவிடும். மவுஸுக்காக நான் மாற்றி வைத்த அன்று இரவே, "என் லேப்டாப்ல எதையோ நோண்டிட்டியாடா?" என்று அக்கா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

சரி, மேக்கைப் பழையபடி வைத்துவிட்டுக் கஸ்டமர் கேரைக் கேட்போம் என்று எழுதினேன். கேமுக்குள் போய் வீல் மேல், வீல் கீழ் இரண்டுக்கும் உள்ள வேலையை மாற்றிப் போடுங்கள் என்று பதில் வந்தது. மாற்றினேன், மேக்கில் உடனே சரியானது. அக்கா ஊருக்குக் கிளம்பிய பிறகு டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தால் அங்கே தலைகீழ்! கேமின் கீ செட்டிங் நம் கம்ப்யூட்டரில் இல்லை. அது தொலைவிலுள்ள சர்வரில், நம் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. எந்த மெஷினில் இருந்து நுழைந்தாலும் அதே செட்டிங்தான் வந்து நிற்கும். இங்கே சரி செய்தால் அங்கே கெடும், அங்கே சரி செய்தால் இங்கே கெடும். இதை விளக்கி மறுபடி எழுதினால் கேச்சை அழித்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள். கேச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அம்பத்தூரில் ஐ.டி. வேலை. "மாப்ள, கோவில்பதாகையில நெட் அவ்ளோதான் வரும். பேசாம என் வீட்டுக்கு வந்து ஆடு." நெட் மெதுவானால் படம் திக்கும், கிளிக் தாமதமாகும், எல்லாம் சேர்ந்து இழுக்கும். வீல் மட்டும் திசை மாறிச் சுற்றாது மாமா. அவர் வீட்டில் போய் ஆடியபோதும் அதே தலைகீழ்தான். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். திசையை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே சரி செய்யுங்கள். மேக்கில் லீனியர்மவுஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மவுஸுக்கு மட்டும் திசையைத் திருப்புங்கள். டச்பேடு அப்படியே இருக்கும், அக்காவும் கத்த மாட்டாள். விண்டோஸைச் சும்மா விடுங்கள். கேமின் கீ செட்டிங்கை முதலில் இருந்தபடி ரீசெட் செய்துவிடுங்கள்.

இதற்கு நடுவே புது மவுஸ் ஒன்றும் வாங்கினேன். பழையது போய்விட்டது என்று ஆவடி மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரர் அடித்துச் சொன்னார். நல்ல மவுஸ், தடையில்லாமல் வழுக்கிச் சுற்றும் வீல். விலை ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான் சொல்வேன். வாங்கியது தண்டம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். ஆபீஸ் வேலைக்கு அதைவிடச் சுகமான மவுஸ் கிடையாது. கேமில் மட்டும் அது நிலைமையை மோசமாக்கியது உண்மை. காரணம் ஒரு பழைய கதை. மைக்ரோசாஃப்ட்டின் வீல் வைத்த இன்டெல்லிமவுஸ் வந்தது 1996இல். விண்டோஸில் வீலின் ஒரு 'டக்'குக்கு 120 என்று கணக்கு. பிற்காலத்தில் நுணுக்கமான வீல்கள் வந்தால் அந்த 120ஐப் பங்கு போட்டு அனுப்பலாம் என்று யோசித்து வைத்த எண் அது. என் புது மவுஸ் அப்படித்தான் சின்னச் சின்னத் துண்டாக அனுப்பியது. நடுவிலிருக்கும் மென்பொருள் துண்டுகளைச் சேர்த்து 120 ஆனதும் ஒரு டக் என்று எண்ண வேண்டும். சேர்க்காமல் விட்டால் துப்பாக்கி மாறவே மாறாது. ஒவ்வொரு துண்டையும் ஒரு டக்காக எண்ணினால் துப்பாக்கிகள் ராட்டினம் சுற்றும். எனக்கு இரண்டும் நடந்தது. மேக்கில் கேட்கவே வேண்டாம், வீலை உருட்டும் வேகத்தைப் பொறுத்து அது அளவையே மாற்றிவிடும். மவுஸின் மென்பொருளில் ஸ்மூத் ஸ்க்ரோலிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். வீலை டக் டக் என்று நின்று சுற்றும் நிலையில் வையுங்கள். லீனியர்மவுஸில் ஸ்க்ரோலை வரிக்கணக்குக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, மண்டையைக் காய வைத்தது. மேக்கில் நடக்கும்போது துப்பாக்கி மாறுகிறது, ஓடும்போது மாறவில்லை. ஓடுவதற்கு ஷிஃப்ட். ஷிஃப்டை அழுத்தியபடி வீலை உருட்டினால் மேக் அதைப் பக்கவாட்டு ஸ்க்ரோலாக மாற்றிவிடும், கேமுக்கு அது போய்ச் சேர்ந்தும் பயனில்லை. ஓடும் கீயை வேறொன்றாக மாற்றியதும் தீர்ந்தது. இதைக் கேமுக்குள் மாற்றலாம், இரண்டு மெஷினிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதால். விண்டோஸில் பிரவுசரில் ஆடினால் கன்ட்ரோல் கீயிலும் இதே மாதிரி தொல்லை. பதுங்கிக்கொண்டு வீலை உருட்டினால் பக்கம் முழுவதும் பெரிதாகும், இல்லை சிறிதாகும். கன்ட்ரோலோடு பூஜ்யத்தை அழுத்தினால் பழைய அளவு வரும். தனிச் செயலி இருந்தால் அதிலேயே ஆடுங்கள்.

நிஜமாகவே மவுஸ் கெட்டிருக்கிறதா என்று பார்க்க நோட்பேடில் நீளமான ஒரு ஃபைலைத் திறந்து மெதுவாக ஒரே திசையில் உருட்டுங்கள். நடுவில் பின்னோக்கித் துள்ளினால் வீலுக்குள் இருக்கும் என்கோடரில் தூசு, அல்லது தேய்மானம். சுத்தம் செய்யலாம், ரிச்சி தெருவில் புது என்கோடர் வாங்கியும் மாற்றலாம். பழையதன் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். துள்ளவில்லை என்றால் மவுஸ் நன்றாக இருக்கிறது, கடைக்காரர் என்ன சொன்னாலும். என் பழையது துள்ளவே இல்லை. இன்றும் ஹாலில் அதுதான் ஓடுகிறது.

சந்தா வசூலிக்கிற கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். வீலின் திசையைக் கருவிக்குக் கருவி தனியாக மாற்றுகிற ஒரு பட்டனை உங்கள் செயலியிலேயே வையுங்கள். அதுவரைக்கும் தயவுசெய்து யாரிடமும் கேச்சை அழிக்கச் சொல்லாதீர்கள்.