தென்னங்குருத்துத் தோரணம் கட்டுவோம்

திருமணம், பொங்கல் முதலிய நன்னாள்களில் வாயிலை அணிசெய்யும் தோரணத்தை நாமே கட்டிக்கொள்ளலாம்.

தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே. அது சிதைந்தால் மரமே பட்டுவிடும். ஆகையால், ஒரு மரத்தில் ஓர் இளங்குருத்தை மட்டும், அடிக்கொண்டையைத் தொடாமல், மேலாக நறுக்கி எடுத்தல் வேண்டும்.

குருத்தோலையின் நடு ஈர்க்கை நீக்கினால் இரு நாடாக்கள் கிடைக்கும். ஒரு முழ நாடாவைக் கயிற்றின்மேல் இரண்டாக மடித்து, கயிற்றுக்குச் சற்றுக் கீழே ஈர்க்குத் துண்டால் குத்தி இணைக்கவும். தொங்கும் நுனிகளை மெல்லிய கீற்றுகளாகக் கிழித்துவிடவும். இடையிடையே மாவிலை செருகவும். முதல்நாள் மாலையே கட்டி, ஈரத்துணியால் மூடிவைத்தால் காலைவரை வாடாது.

மங்கலத் தோரணத்திற்குக் குருவி நான்கு, துக்க வீட்டுக்கு மூன்று என்பது மரபு. அக்குருவி மடிப்பை அறிந்த மூத்தோரிடம் பிள்ளைகளை இன்றே அனுப்புங்கள். அவர்கள் கற்றால்தான் இக்கலை நிலைக்கும்.