அரக்கு மெருகு நீடித்து நிற்க

மரச்சாமான்களுக்குத் தச்சர்கள் பூசும் ஸ்பிரிட் பாலிஷ், அவலரக்கைக் கரைத்துத் தயாரிக்கப்படுவது. சில வீடுகளில் இது பல்லாண்டுகள் மெருகு குன்றாமல் இருக்கிறது. வேறு சில வீடுகளில் ஓராண்டுக்குள் வெளுத்தோ பிசுபிசுத்தோ போய்விடுகிறது. பூசிய இடமும், கரைசல் எத்தனை நாள் பழையது என்பதுமே இதற்கு முக்கிய காரணங்கள்.

புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் இது மிகுதியாக விளைகிறது. கொம்பரக்கைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு கிடைக்கும்.

எங்கே பூசலாம்?

அலமாரி, பெட்டி, நாற்காலி, உள்அறைக் கதவு ஆகியவற்றுக்கு அரக்கு மெருகு ஏற்றது. மழையும் வெயிலும் படும் வாசற்கதவு, வண்டி, ஏர் முதலியவற்றுக்கு ஏற்றதல்ல. தண்ணீர் தேங்கினால் மெருகு வெளுக்கும். சுடுபாத்திரம் வைத்தால் இளகித் தடம் விழும். சோப்பும் சலவைச் சோடாவும் அதை அரித்துவிடும். ஆகவே, சாப்பாட்டு மேசைக்கு வேறு வார்னிஷ் பூசுவதே நல்லது.

கரைசல் தயாரித்தல்

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அவலரக்கை இட்டு, ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் கரைசல் கறுக்கும். கண்ணாடிப் புட்டியே சிறந்தது. நாளாக ஆக அரக்கு ஸ்பிரிட்டுடன் வினைபுரிந்து, இறுகும் தன்மையை இழக்கிறது. எனவே, ஆறு மாதத்திற்கு மேற்பட்ட கரைசலைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்கவும். தடம் பதிந்தால் கரைசலைப் பயன்படுத்த வேண்டாம்.

பூசும் முறை

மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி நீக்கி, துணிப்பந்தால் மெல்லியதாகப் பல முறை பூச வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பின்னரே அடுத்தது. மழை நாட்களில் பூசினால் ஈரம் பட்டு வெண்மை படரும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும்; அடுப்பு, பீடி நெருப்பு அருகில் இருக்கக் கூடாது.

பழுது பார்த்தல்

புதுப் பூச்சு பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றிவிடும். ஆகவே, மெருகு மங்கிய இடத்தைச் சுத்தம் செய்து, மேலே ஒரு கை பூசினால் போதும்; முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. அவ்வப்போது இப்படிக் கவனித்து வந்தால் அரக்கு மெருகு ஒரு தலைமுறைக்கும் மேல் நிற்கும்.