கெண்டைத் தீவனத்தில் பாஸ்பரஸ்

இந்தியக் குளங்களில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களுக்குத் தவிடும் பிண்ணாக்குமே பெரும்பாலும் தீவனமாக இடப்படுகின்றன. மீனின் எலும்பு வளர்ச்சிக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் இன்றியமையாதவை. முன்னதைச் செவுள்களின் வழியே நீரிலிருந்து மீன் ஈர்த்துக்கொள்ளும். பின்னது நீரில் மிகக் குறைவாதலால், உணவின் மூலமே கிடைத்தல் வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதியெனினும், அதன் பெரும்பகுதி மீனுக்குச் செரிக்காத பைட்டேட் வடிவில் உள்ளது.

இக்குறையைப் போக்கப் பாறை பாஸ்பேட்டையோ எலும்புத் தூளையோ கலந்தாற் போதும் எனக் கருதுதல் பொருந்தாது. அவற்றைக் கரைக்க இரைப்பை அமிலம் தேவை. கெண்டை இனத்திற்கோ இரைப்பையே இல்லை. 1979-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியிடப்பட்ட சோதனை முடிவுகளின்படி, சாதாக் கெண்டை மோனோகால்சியம் பாஸ்பேட்டிலுள்ள பாஸ்பரஸில் 94 சதவீதத்தையும், டைகால்சியம் பாஸ்பேட்டில் 46 சதவீதத்தையும், டிரைகால்சியம் பாஸ்பேட்டில் 13 சதவீதத்தையுமே ஏற்றது. பாறையிலும் எலும்பிலும் உள்ள பாஸ்பரஸ், இறுதியிற் கூறிய உப்பைப் போன்று அரிதிற் கரைவதாகும். மீன் ஏற்காத பகுதி கழிவுடன் வெளியேறி வீணாகிறது. உடலுக்கு வேண்டியது கிடைக்காத மீனோ வளர்ச்சி குன்றி, தலையெலும்பு கோணலுறும்.

ஆகவே, மூட்டையின்மேற் குறித்த மொத்தப் பாஸ்பரஸ் அளவை மட்டும் நோக்காது, அது எவ்வகை உப்பு என்பதையும் கேட்டறிந்து வாங்குமாறு களப்பணியாளர் மீன் வளர்ப்போருக்கு அறிவுறுத்துதல் நலம்.